கிறிஸ்தவ விசுவாசத்தில் 'சாட்சியாக இருப்பது' நழுவிப் போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

நீங்கள் எழுதியிருப்பது இரண்டே வரி. ஞாயிறு ஆராதனை, வீட்டு ஜெபம் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, மற்றவர்களுக்குச் சாட்சியாக இருப்பது, அதாவது நம் விசுவாசத்தைச் சொல்லாலும் நடத்தையாலும் காட்டுவது மட்டும் நழுவிக்கொண்டே போகிறது, என்ன செய்வது என்று. ஊரில் பிறந்து, விபிஎஸ்ஸில் (சபையில் நடக்கும் விடுமுறை வேதப் பள்ளி) பரிசு வாங்கி, இப்போது சென்னையிலோ பெங்களூரிலோ கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர் என்று உங்களை நினைத்துக்கொள்கிறேன். பக்கத்து சீட்டுக்காரரிடம் வாயைத் திறந்தால் 'மதம் மாத்த வந்துட்டான்' என்பார்களோ என்று பயம், திறக்காவிட்டால் மனசு உறுத்தல். தப்பாக இருந்தால் மன்னியுங்கள்.

நான் போதகர் இல்லை, முழுநேர ஊழியக்காரனும் இல்லை. ஓய்வுபெற்ற அரசு ஊழியன், திருநெல்வேலிச் சீமையின் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிறிஸ்தவன், அவ்வளவுதான். இதை மதமாற்றப் பிரசாரம் என்று ரிப்போர்ட் அடிக்கத் துடிப்பவர்கள் தயவுசெய்து கடைசிவரை படித்துவிட்டு அடியுங்கள். மதத்தைப் பரப்பும் உரிமை அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவில் இருப்பதும் தெரியும், அது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் தெரியும். இந்தப் பதிலில் யாரும் மதம் மாறப் போவதில்லை. அசடு வழியப் போவது நான் ஒருவன்தான்.

எங்கள் ஆச்சி வீட்டு அடுப்படியில் ஒரு சின்ன மண்பானை இருக்கும். உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்து அதில் போடுவாள். மூன்று வேளை பொங்கினால் மூன்று பிடி. மழை இல்லாத வருஷத்தில் பிடி சின்னதாகும், ஆனால் நிற்காது. அந்த அரிசி கோயிலுக்கு (சர்ச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) போய், காசாகி, மிஷனெரி சங்கத்துக்குப் போகும். 1903இல் பாளையங்கோட்டையில் ஆரம்பித்த இந்திய மிஷனெரி சங்கம் அது. வெள்ளைக்காரன் காசு வேண்டாம், நம் ஆள், நம் பணம், நம் நிர்வாகம் என்று வேதநாயகம் சாமுவேல் அசரியா போன்றவர்கள் தொடங்கியது. தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கல்தான் அவர்கள் போன இடம். ஆச்சிக்குத் தோர்ணக்கல் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. "அங்கனக்குள்ள இருக்கவங்களும் கேக்கணும்லா" என்பாள், அவ்வளவுதான் அவள் இறையியல்.

அசரியா 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1912இல் தோர்ணக்கல் பேராயர் (பிஷப்) ஆனார், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். இதையெல்லாம் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஓய்வுநாள் பள்ளிப் பரீட்சையில் எழுதுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அங்கே ஞானஸ்நானம் வாங்குகிறவர்களை, தங்கள் கையைத் தங்கள் தலைமேலேயே வைத்து, "நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ" என்று சொல்லச் சொல்வாராம். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய வசனம். சொன்னவர்கள் பெரும்பாலும் எழுதப்படிக்கத் தெரியாத, ஊருக்கு வெளியே வைக்கப்பட்டிருந்த சனங்கள். அவர்கள் நடை உடை மாறியதைப் பார்த்துத்தான் மேல்சாதிக்காரர்கள் சிலரும் பிற்பாடு கோயிலுக்கு வந்தார்கள். நோட்டீஸ் கொடுத்து இல்லை. பக்கத்திலேயே இருந்து, பார்த்து, கேட்டு.

இதைச் சொல்கிற நான் நோட்டீஸ் கொடுத்தவன்.

வாலிபர் சங்கத்தோடு ஞாயிறு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கைப்பிரதி ஊழியம். ஒரு பை நிறையக் கொண்டுபோவோம், நின்ற பஸ்ஸில் ஏறி ஒவ்வொரு சீட்டாகக் கொடுத்து இறங்குவோம். எத்தனை கொடுத்தேன் என்று நோட்டு போட்டு எழுதி வைத்திருந்தேன். மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்கையில் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், சம்பளத்தில்கூட அது வராது. கைப்பிரதியைக் கேவலமாகச் சொல்கிறேன் என்று யாரும் எழுத வேண்டாம். ஒரே ஒரு கைப்பிரதியில் வாழ்க்கை திரும்பியவர்களை எனக்கே தெரியும். நான் சொல்வது என் நோட்டைப் பற்றி.

நான் எழுதாத கணக்கு ஒன்றும் இருந்தது. ஆபீசில் சாயங்காலம் ஐந்தரைக்கு ரெக்கார்டு ரூம் கதவு பாதி சாத்தியிருக்கும். அன்று வந்த பணம் ஒரு அல்வாப் பெட்டியில் சேர்ந்து, ஆள் தகுதிக்கேற்பப் பங்கு பிரியும். எந்தத் துறை, எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். நான் யாரிடமும் கேட்டு வாங்கியதில்லை, என் பங்கை மட்டும் எடுத்துக்கொள்வேன். இப்படித்தான் எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். இன்னும் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். அந்தப் பணத்துக்கும் சேர்த்துத் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, சபைக்குக் கொடுத்தேன். கவரில் போட்டு, பெயர் எழுதி. இரண்டு வருஷம்.

1999ஆம் வருஷம், ஒரு திங்கட்கிழமை. கிராமத்து ஆள் ஒருவர், மனு கொடுத்து மூன்று மாதமாக அலைபவர், என் மேசைக்கு வந்தார். மனு எண் என்ன என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவில் எண் எழுதியிருந்தது. முன்பக்கம் எங்கள் சங்கத்துக் கைப்பிரதி. மடிப்புக்குள் ஒரு ஐம்பது ரூபாய். "நீங்கதான சார் நேத்து பஸ்ஸுல குடுத்தது? எழுத வேற பேப்பர் இல்ல, இதுலயே எழுதிக்கிட்டேன்" என்றார். குத்திக் காட்டவில்லை. தெரிந்த முகம் ஒன்று ஆபீசுக்குள் இருக்கிறதே என்று அந்த மனுஷனுக்கு உண்மையிலேயே ஒரு ஆறுதல்.

ஐம்பதை எடுத்து பெட்டியில் போட்டேன். அன்றைக்கே திருந்திவிட்டேன் என்று எழுதினால் சாட்சிக் கூட்டத்தில் அல்லேலூயா விழும். ஆனால் இன்னும் பத்துப் பதினைந்து நாள் பங்கு வாங்கினேன். அந்தத் தாள் மட்டும் என் மேசை டிராயரில் கிடந்தது. கிளிப் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் முன்பக்கம் தெரிந்தாலும் சங்கடம், பின்பக்கம் தெரிந்தாலும் சங்கடம். ஒரு சாயங்காலம், எனக்குப் பங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வேண்டாம் என்பது லேசான காரியம் என்று நினைக்காதீர்கள். லஞ்ச ஒழிப்புக்கு எழுதிப் போட்டுவிடுவானோ என்று எல்லோருக்கும் சந்தேகம். நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். ஒரே மாதத்தில் என்னைத் தபால் பிரிவுக்குத் தள்ளினார்கள், முத்திரை குத்துகிற வேலை. நாற்காலி மாறியது, ஃபேன் இல்லாத மூலை. ஒருநாள் காலையில் போனால் மேசைமேல் பன்னீர் இலையில் மடித்த திருச்செந்தூர் விபூதி. வேதக்காரனுக்கு நக்கலா என்று நினைத்தேன். சுற்றும்முற்றும் பார்த்து, குப்பைக்கூடையில் போட்டேன்.

அங்கே மூத்த உதவியாளர் ஒருவர் இருந்தார். வயதில் பத்துப் பன்னிரண்டு வருஷம் பெரியவர், எல்லோருக்கும் அண்ணாச்சி. நெற்றி நிறையத் திருநீறு, கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம். பங்கில் பெரிய பங்கு அவருக்குத்தான். அந்த ஆபீசில் என்னிடம் பேச்சை நிறுத்தாத ஒரே ஆளும் அவர்தான். ஒருநாள் டீக்கடைக்குக் கூட்டிப்போய், கிளாஸைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, நெசமாச் சொல்லு. ஏன் வேண்டாம்னுட்ட? ஒங்க வேதத்துல அப்படிச் சொல்லிருக்கா?"

இதைவிடப் பெரிய வாசல் ஒரு கிறிஸ்தவனுக்குத் திறக்குமா? பேதுரு அதைத்தான் எழுதியிருக்கிறார், உங்களிலிருக்கிற நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று. நான் திடப்படுத்தல் வகுப்பில் (முதல் நற்கருணைக்கு முன் சபையில் நடக்கும் வகுப்பு) மனப்பாடமாக ஒப்பித்த வசனம். பஸ் பஸ்ஸாக ஏறி, கேட்காத ஆயிரம் பேர் மடியில் தாளைப் போட்டவன் நான். முதல்முறையாக ஒரு மனுஷர் தானாக வந்து கேட்கிறார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி. பிரஷர் இருக்கு. டென்ஷன் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒடம்பப் பாத்துக்க" என்றார். இரண்டு டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக யோசித்திருக்கிறேன். வேதத்தில் இருக்கிறது என்று சொல்லியிருந்தால், 'அப்போ ரெண்டு வருஷமா எந்த வேதத்த வாசிச்ச?' என்பது அடுத்த கேள்வி. அதே ஆபீசில் எங்கள் சபைக்காரர்கள் இன்னும் இரண்டு பேர் பங்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள், ஒருவர் கமிட்டி மெம்பர். அவர்களைக் காட்டிக்கொடுத்தது போல் ஆகுமே என்று ஒரு சாக்கு. எல்லாம் போக, வெட்கம். பஸ்ஸில் தெரியாதவனிடம் இயேசுவைச் சொல்ல வெட்கமே இல்லை. என்னைத் தெரிந்தவரிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆபீசில் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். யாராவது உங்களிடம் 'ஏன்' என்று கேட்கிற மாதிரி ஏதாவது ஒரு காரியம் உங்கள் வேலையில் இருக்கிறதா என்று பாருங்கள். லஞ்சமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பொய் பில், அடுத்தவன் வேலைக்குத் தன் பெயர் போடுவது, இல்லாதவரைப் பற்றிப் பேசுவது, ஐடி கம்பெனியிலும் இதெல்லாம் உண்டு என்று என் மருமகன் சொல்லுவான். அப்படிக் கேட்டால், உள்ளதைச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷம் போதும். உங்கள் பழைய அழுக்கும் சேர்ந்து வந்தால் வரட்டும், அழுக்கை விட்டுவிட்டுச் சொல்வது சாட்சி இல்லை, விளம்பரம். தமிழில் வேதத்தை மொழிபெயர்த்தவர்கள் கோர்ட்டில் புழங்கும் அதே 'சாட்சி'யை எடுத்துப் போட்டது சும்மா இல்லை என்று தோன்றும். கோர்ட்டில் அழகாகப் பேசு என்று சாட்சியிடம் யாரும் கேட்பதில்லை, கண்டதைச் சொல் என்றுதான் கேட்கிறார்கள். இது போதகர்மார் நிறையப் பேர் சொல்லித் தேய்ந்த உதாரணம்தான். ஆனால் பொய்ச்சாட்சி சொன்னவனுக்கு அது கொஞ்சம் வேறு மாதிரிக் கேட்கும்.

சபையில் இதற்கு உதவி கிடைக்குமா என்றால், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் போகும், மிஷனெரி உண்டியலைக் குலுக்கினால் சில்லறைதான் சத்தம் போடும். சபையில் எலெக்‌ஷன் வந்துவிட்டால் சுவிசேஷமாவது ஒன்றாவது. இப்போது புதிதாகப் பாட்டுப் புத்தகத்தை எடுத்துவிட்டுத் திரை கட்டியிருக்கிறார்கள். கீர்த்தனைகளை டைப் அடிக்கிற பையனுக்கு ல, ள, ழ மூன்றும் ஒன்றுதான். போன லெந்து நாளில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) 'பழி' என்று வர வேண்டிய இடத்தில் 'பலி', 'பலி' வர வேண்டிய இடத்தில் 'பழி'. சபை மொத்தமும் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாகப் பாடுகிறது! சொன்னால், "ஆண்டவர் இருதயத்தைப் பார்க்கிறார் ஐயா" என்கிறான். ஆண்டவர் பார்ப்பார், நான் திரையை அல்லவா பார்க்கிறேன்? இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை. கீர்த்தனைப் புத்தகம் கையில் இருந்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை என்பதைச் சொல்லி வைத்தேன்.

நான் 2021இல் ஓய்வு பெற்றேன். மறுவருஷம் அண்ணாச்சிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருப்பதாகக் கேள்விப்பட்டு வீட்டுக்குப் போனேன். திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து பனங்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தார். பழைய கதை பேசிப் பேசி, பென்ஷன், பேரப்பிள்ளை எல்லாம் முடிந்து, ஒரு இடத்தில் பேச்சு ஓய்ந்தது. இன்றைக்கு விட்டால் இல்லை என்று சொல்லிவிட்டேன். "அண்ணாச்சி, அன்னைக்கு டீக்கடையில நீங்க கேட்டதுக்கு நான் சொன்னது பொய். பிரஷரும் இல்ல, டாக்டரும் இல்ல. எங்க ஆண்டவருக்கு முன்னால அந்தக் காச வச்சுக்கிட்டு நிக்க முடியல. அதான் விட்டேன். ஒங்ககிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

கிழங்கு நாரைக் கீழே போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"பிரஷரே இல்லியாடே? அந்த மாசம் திருச்செந்தூர் போயிருந்தப்போ ஒம் பேருக்கு அர்ச்சனை பண்ணுனேன். விபூதியக் கொண்டாந்து, கையில குடுத்தா வேதக்காரன் வாங்கமாட்டியோன்னு காலைல வெள்ளன வந்து ஒம் மேசையில வச்சேன். எடுத்தியா?"

"எடுத்தேன் அண்ணாச்சி" என்றேன்.

மதினி காபி கொண்டுவந்தார்கள். எடுத்து எங்கே போட்டேன் என்பதை அன்றும் சொல்லவில்லை.