மே, ஜூனில் குடும்பத்தோடு ஒரு மாதம் தங்க இலங்கையில் எந்தக் கடலோர ஊர்: நீர்கொழும்பா, திருகோணமலையா?

கீழக்கரையிலிருந்து வயதான பெற்றோர், சின்னப் பிள்ளைகளோடு போவதாகச் சொல்கிறீர்கள். என் ஓட்டு திருகோணமலைக்கு.

காரணம் காற்று. நம் பக்கத்தில் கச்சான், அதாவது மேற்கேயிருந்து வரும் காற்று, அடிக்கும்போது மன்னார் வளைகுடா, அதாவது ஆண்கடல், கொந்தளிக்கும்; பாக் நீரிணைப் பக்கப் பெண்கடல் குளம் மாதிரி கிடக்கும். இலங்கையிலும் அதே கதைதான். தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கரையான நீர்கொழும்பில் மழையும் அலையும் இருக்கும். கிழக்கே திருகோணமலையை ஒட்டிய நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைகளில் கடல் அமைதி. பிள்ளைகளை முழங்கால் ஆழத்தில் விடலாம். ஆனால் வெயில் நம்மூர் வெயில்தான், தப்பிக்க முடியாது.

அப்புறம் பேச்சு. திருகோணமலைக் கடைத்தெருவில் தமிழே போதும், அத்தாவும் அம்மாவும் தனியாகக்கூடப் போய் மீன் வாங்கி வரலாம். ஒரு மாதத் தங்கலில் இது சின்ன விஷயமில்லை.

குறை தூரம்தான். நீர்கொழும்பு விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திருகோணமலைக்கு ஐந்தாறு மணி நேரம் வண்டியில் உட்கார வேண்டும். முதல் இரவு நீர்கொழும்பில் தங்கிவிட்டு மறுநாள் கிளம்புங்கள். சுற்றுலா விசா முதலில் 30 நாள்தான், திரும்பும் டிக்கெட்டை அதற்குள் போடுங்கள்.

இதுவே டிசம்பர், ஜனவரி என்றால் நீர்கொழும்பு என்றிருப்பேன்.