சிங்கப்பூரிலிருந்து வரும் நன்கொடையைச் சங்கம் வாங்கலாமா?

பாம்பனில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் 16 பேர் சேர்ந்து அண்மையில் பதிவு செய்த சங்கத்துக்கு, சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர் இருவர் நன்கொடை அனுப்ப முன்வந்திருப்பதாகவும், அதை வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள், சகோதரி. முதலில் அவர்களுடைய பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேளுங்கள்.

இந்தியக் குடிமகன் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கி, ரசீதோடு சேர்த்து வையுங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டவர் என்றால், அவர் தங்கச்சிமடத்திலேயே பிறந்து வளர்ந்தவர் ஆனாலும், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருந்தாலும், உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவுக்குப் பொதுவாக 3 ஆண்டுச் செயல்பாடும், அந்தக் காலத்தில் 15 லட்சம் ரூபாய்ச் செலவும் காட்ட வேண்டும் என்பதால் இப்போதைக்கு அது உங்களுக்கு எட்டாது. பாசி எடுக்கும்போது விரலில் சுற்றும் துணிக்கும், மூழ்கும்போது கண்ணில் அணியும் கண்ணாடிக்கும் முன் அனுமதி கேட்டு அலைவதும் வீண் என்பது என் கருத்து.

தலைவியின் சொந்தக் கணக்கில் வாங்கிக்கொள்ளலாம் என்று யாரேனும் யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ரசீதுப் புத்தகத்தைக் கரையோரக் கொட்டகையில் வைக்கவும் வேண்டாம். எங்களுடையது ஐப்பசி மழையில் ஊறி, மை முழுவதும் கலைந்து போயிற்று.