மவுஸைத் தொடாமல் பாருங்கள்: நிறுவன இணையதளங்கள், கேள்வி பதில்

கூகுளில் முதல் பக்கத்தில் வர, மெட்டா கீவேர்டில் எத்தனை சொல் போடலாம் சார்?

ஒன்றுகூட வேண்டாம். பக்கத்தின் கோடுக்குள் எழுதும் அந்தச் சொற்பட்டியலை, தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. அந்த நேரத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி டைட்டில் எழுதுங்கள்.

பார்வையற்ற வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் ஆர்டர் படிவத்தை நிரப்ப முடியவில்லை என்கிறார். பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

பார்க்கத்தான் சரியாக இருக்கிறது. மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, டேப் விசையை மட்டும் தட்டி ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்கள். 'அனுப்பு' பொத்தானுக்குப் போய்ச் சேரவே முடியவில்லை என்றால், அது பொத்தானே இல்லை. பொத்தான் மாதிரி வண்ணம் பூசிய டிவ், அதாவது வெறும் கட்டம். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் அதைப் பொத்தான் என்று சொல்லாது, என்டர் தட்டினாலும் வேலை செய்யாது. ஹெச்டிஎம்எல்லில் பட்டன் என்றே ஓர் உறுப்பு இருக்கிறது, அதைப் போட்டால் இதெல்லாம் இலவசமாகக் கிடைக்கும்.

அடுத்து, பெட்டிக்குள் மங்கலாக 'பெயர்' என்று எழுதியிருப்பீர்கள். அது லேபிள் ஆகாது. தட்டச்சு செய்ததும் மறைந்துவிடும். உண்மையான லேபிளை எழுதி, லேபிளின் ஃபாரிலும் பெட்டியின் ஐடியிலும் ஒரே பெயரைக் கொடுத்துப் பெட்டியோடு இணையுங்கள். பிழை வந்தால் ஓரத்தைச் சிவப்பாக்குவதோடு நிறுத்தாமல், எது தவறு என்று பக்கத்திலேயே எழுதுங்கள். சிவப்பைப் பிரித்தறிய முடியாதவர்களும் ஆர்டர் போடுகிறார்கள். கடைசியில் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை இறக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸுக்கு இலவசம். திரையை அணைத்துவிட்டுக் காதால் நிரப்பிப் பாருங்கள்.

வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து ஓகேவா?

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே, சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 ஒளி மாறுபாடு வேண்டும். அளந்து பாருங்கள், பெரும்பாலும் தேறாது.

வேலிடேட்டரில் பிழை பூஜ்யம். அணுகல்தன்மை முடிந்ததா?

வேலிடேட்டர் ஹெச்டிஎம்எல் இலக்கணம் மட்டும்தான் பார்க்கும். படத்துக்கு விளக்கம் எழுதும் ஆல்ட்டில் 'படம்123' என்று எழுதினாலும் பாஸ் போட்டுவிடும். 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 என்ற அணுகல்தன்மை விதித்தொகுப்பு, மார்க்அப் பிழைக்கென்று இருந்த 4.1.1 விதியையே எடுத்துவிட்டது. அதற்காக வேலிடேட்டரை விட்டுவிடாதீர்கள்: ஒரே ஐடி இரண்டு இடத்தில் இருந்தால் மேலே சொன்ன லேபிள் தவறான பெட்டியில் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஆல்ட்டில் கீவேர்டை நிரப்பினால் முதல் பக்கம் வருமா?

மறுபடியும் முதல் பக்கமா? வராது. படத்தில் இருப்பதை எழுதுங்கள். வெறும் அலங்காரப் படம் என்றால் ஆல்ட்டைக் காலியாக விடுங்கள்.

ஒரு வரி ஸ்கிரிப்ட் சேர்த்தால் தளம் முழுக்க விதிகளுக்கு இணங்கிவிடும் என்கிறார்களே?

நம்பாதீர்கள். அப்படி விளம்பரம் செய்ததற்காக ஆக்சஸிபி நிறுவனத்தை 10 லட்சம் டாலர் கட்டச் சொல்லி, அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு ஆணையமான எஃப்டிசி 2025-இல் உத்தரவிட்டது.

(அவரே) எழுத்தைப் பெரிதாக்கும் வசதியாவது கிடைக்கிறதே? சும்மா எதிர்க்கிறீர்கள்.

அது பிரவுசரிலேயே இருக்கிறது. தேவைப்படுகிறவர் எல்லாத் தளத்துக்கும் சேர்த்து ஏற்கெனவே வைத்திருப்பார். உங்கள் தளத்துக்கு மட்டும் இன்னொரு கருவியை ஏன் பழக வேண்டும்?

(இன்னொருவர்) நான் டெவலப்பர். சின்ன நிறுவனத்திடம் முழுத் தளத்தையும் மாற்றக் காசு இல்லை. ஸ்கிரிப்ட் கொஞ்சமாவது சரிசெய்யாதா?

காசு இல்லை என்பது நியாயம். ஆனால் அந்த ஸ்கிரிப்டுக்குக் கட்டும் சந்தாவும் காசுதானே? படத்தில் என்ன இருக்கிறது என்று ஸ்கிரிப்ட் ஊகிக்கும். அந்தப் படத்தை அங்கே ஏன் வைத்தீர்கள் என்று அதற்குத் தெரியாது. அதே காசில் மெனு, படிவம், பணம் கட்டும் பக்கம் மூன்றையும் சரிசெய்யுங்கள். மெனுவும் படிவமும் டெம்ப்ளேட்டில் இருந்தால் ஒரு இடத்தில் திருத்தினால் போதும், எல்லாப் பக்கமும் திருந்தும். திருத்தியதும் டேப் விசை, மறக்காதீர்கள்.

மொபைல் ஆப்புக்கும் இதேதானா?

ஆப் என் துறை இல்லை. ஆப் எழுதுகிறவர்களிடம் கேளுங்கள்.

விலைப்பட்டியலைப் படமாகப் போட்டிருக்கிறோம். தேடினால் கிடைக்கவே இல்லை.

எழுத்தே இல்லாத இடத்தில் எதைத் தேடுவது? ஸ்கிரீன் ரீடருக்கும் அங்கே படிக்க ஒன்றும் இல்லை. ஹெச்டிஎம்எல் அட்டவணையாக மாற்றுங்கள், தலைப்பு வரிசையைத் தலைப்பு என்றே குறியுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் போடலாம் என்று அடுத்து கேட்காதீர்கள், அதுவும் படம்தான்.