ஒரே கதவிலக்கத்தில் 23 ஓட்டு

கேள்வி: பங்காளிகள் எல்லாருக்கும் பொதுவான எங்கள் வளவு வீட்டுக் கதவிலக்கத்தில் 23 பேருக்கு ஓட்டு. பட்டியலின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, 'பூட்டிய வீட்டில் 23 கள்ள ஓட்டு, நாடு முழுக்க இப்படித்தான் ஜெயிக்கிறார்கள்' என்று வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டிருக்கிறார்கள். எல்லாரும் எங்கள் பங்காளிகள், பிழைப்புக்காகச் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். மனசு வேகிறது. அவ்வளவு மோசடியா நடக்கிறது?
- ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, உங்கள் பங்காளிகள் போலிகள் இல்லை. ஆனால் சென்னையிலேயே குடியிருப்பவர்களின் பெயர் பள்ளத்தூர்ப் பட்டியலில் இருப்பதும் சரியில்லை. எங்கே பிழைத்தாலும் கோயில் புள்ளி, அதாவது கோயில் கணக்கில் குடும்பத்தின் பதிவு, சொந்த ஊரில்தான், ஓட்டு அப்படியில்லை, குடியிருக்கிற ஊரில்தான். சொந்த வீடு இருப்பதாலேயே ஒருவர் அந்த ஊரில் குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார் என்று 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆவது பிரிவே சொல்கிறது. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியில் பதிந்துகொள்ளலாம்.

சரி, நாடு முழுக்க? 2025 ஆகஸ்டில் ராகுல் காந்தி, பெங்களூரின் மகாதேவபுராவில் மட்டும் 1,00,250 ஓட்டுகள் திருடப்பட்டதாகச் சொன்னார், ஒரே முகவரியில் பல பேர் என்பதும் அதில் ஒரு வகை. தேர்தல் ஆணையம் மறுத்தது, சத்தியப் பிரமாணத்தோடு எழுதித் தரச் சொன்னது. பட்டியல் அழுக்காக இருக்கிறது என்பதை நான் நம்புகிறேன், அது ஆணையத்தின் குற்றம்தான், கணினியில் தேடிப் பார்க்கிற வடிவில் அதைத் தராமல் இருப்பது அதைவிடக் கோபம் வருகிற விஷயம். ஆனால் பெயர் இருப்பது வேறு, அந்தப் பெயரில் ஓட்டு விழுந்தது வேறு. யார் வந்து போட்டார்கள் என்பது வாக்குச்சாவடியில் கையெழுத்து வாங்குகிற 17ஏ பதிவேட்டில் இருக்கும், தேர்தல் முடிந்ததும் அதை முத்திரை வைத்துவிடுவார்கள், திறக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும். முடிவு வந்த 45 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும். போட்டாலும் சீக்கிரம் முடியாது. நம் சிவகங்கையிலேயே 2009-இல் ப. சிதம்பரம் 3,354 ஓட்டில் ஜெயித்ததை எதிர்த்து, தோற்ற வேட்பாளர் ராஜ கண்ணப்பன் உயர் நீதிமன்றம் போனார், அந்த மக்களவையின் காலமே முடிந்தும் வழக்கு முடியவில்லை. இந்தத் தாமதம்தான் வதந்திக்குத் தீனி.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். சென்னைக்குப் போய்விட்டவர்களை இடமாற்றத்துக்குப் படிவம் 8 கொடுக்கச் சொல்லுங்கள், இறந்தவர்கள், வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் பெயரை நீக்கப் படிவம் 7. அப்புறம், படம் போட்டவரிடம் இந்த 23 பேரில் யார் பெயரில் யார் வந்து போட்டார்கள் என்று நேராகக் கேளுங்கள், அவர் கட்சியின் பூத் ஏஜென்ட் அன்று முழுக்க அங்கேதானே உட்கார்ந்திருந்தார்.