ரீச்சரிடம் கேளுங்கள்: மிளகாய் அரைத்த மில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: உள்ளம் தூய்மையாக இருப்பது எப்படி. தவக்காலம் அல்லவா, எல்லோரும் உள்ளே எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். நான்கை எடுத்திருக்கிறேன். நான் சுவாமியாரும் அல்ல, கன்னியாஸ்திரியும் அல்ல. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். ஞாயிறு தோறும் மறைக்கல்வி வகுப்பும் எடுத்தேன். இப்போது இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் இரண்டு ஏக்கர் வயல் செய்கிற கிழவி. என் பதில்களை அந்த அளவில் வைத்து வாசியுங்கள்.

கேள்வி: அன்புள்ள ரீச்சர், பூசையில் சுவாமியார் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்ற மணி அடிக்கும்போதுதான் வாயால் சொல்லக் கூசுகிற எண்ணங்கள் எனக்கு வருகின்றன. வேலித் தகராறில் பேச்சு நின்றுபோன என் மச்சாளின் முகமும் அப்போதுதான் வரும். கிழமைக்குக் கிழமை சுவாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். கோயிலிலிருந்து திரும்பி வீட்டுப் படலையைத் திறக்கும் முன் மறுபடியும் அதே எண்ணங்கள். ஏதாவது ஒரு பாவத்தைச் சொல்ல மறந்தேனோ என்று இரவில் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். என் இருதயம் ஒருநாளும் சுத்தமாகாதா?
வாசகி, முழங்காவில்

பதில்: மகள், முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். படிப்பித்த பழக்கம் என்னை விடாது. ‘தூய்மையான உள்ளத்தோர் பேறுபெற்றோர்’ என்று மத்தேயு 5:8 இல் வருகிறதே, அங்கே கிரேக்கத்தில் உள்ள சொல் ‘கத்தரோஸ்’. இயேசுவின் உடலைச் சுற்றிய தூய துணிக்கும் (27:59) அதே சொல்தான். பதர் போகத் தூற்றிய தானியத்துக்கும், எதுவும் கலவாத பொருளுக்கும் கிரேக்கர் அதையே சொன்னார்கள். நீங்கள் துணியை மட்டும் பிடித்துக்கொண்டு கறை தேடுகிறீர்கள். எனக்குச் சுளகுதான் நெருக்கம். உமி, கல், பதர் போய் அரிசி மட்டும் மிஞ்சியிருப்பது. யாக்கோபு உள்ளத்தைத் தூய்மையாக்கச் சொல்வதும் (4:8) இருமனக்காரரைப் பார்த்துத்தான். கெட்ட எண்ணம் வந்தவர்களைப் பார்த்து அல்ல.

இனி அந்த எண்ணங்கள். நாலாம் நூற்றாண்டின் இறுதியில் யோவான் காசியன் என்பவர் எகிப்தின் பாலைவனத் துறவிகளிடம் போய்ப் பாடம் கேட்டார். மோசே என்ற பெரியவர் அவருக்குச் சொன்னது, துறவியின் குறி தூய உள்ளம் என்பது. காசியனோடு போன நண்பர் கெர்மானுஸ் உடனே உங்கள் கேள்வியைக் கேட்டுவிட்டார்: வேண்டாம் என்றாலும் எண்ணங்கள் வந்துவிடுகின்றனவே, என்ன செய்வது? பெரியவர் தண்ணீரில் சுற்றும் மாவு ஆலையைக் காட்டினார். வாய்க்காலில் தண்ணீர் ஓடும்வரை கல் நிற்காது. நல்ல கோதுமையைப் போடுவதா, களைவிதையைப் போடுவதா என்பது மட்டுமே ஆலைக்காரன் கையில்.

இதை வாசித்த அன்று எங்கள் ஊர் மில்தான் என் கண்முன் வந்தது. மிளகாய்த்தூளும் அரிசிமாவும் அங்கே ஒரே இயந்திரத்தில்தான். நமக்கு முன்னால் யாராவது மிளகாய் அரைத்திருந்தால், மில்காரத் தம்பி நம் பெட்டியிலிருந்து ஒரு சிறங்கை அரிசியை அள்ளிப் போட்டு முதலில் ஓடவிடுவான். வருகிற மா இளஞ்சிவப்பாக இருக்கும், மூக்கில் ஏறும். அதை ஒதுக்கிவிட்டுத்தான் மிச்சத்தை அரைப்பான். ஒருமுறை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று நான் அந்தச் சிறங்கையை மிச்சம் பிடித்தேன். அன்று அவித்த பிட்டில் இரண்டு வாய் தின்றுவிட்டு என் பேரன் தண்ணீர்க் குடத்தைத் தேடி ஓடினான். இயந்திரத்தில் பழுதில்லை. முன்னால் போட்டது மிளகாய், அவ்வளவுதான்.

நீங்கள் கோயிலுக்கு வரும் வழியெல்லாம் மச்சாளின் வேலியை அரைத்துக்கொண்டு வருகிறீர்கள். மணி அடித்ததும் வெள்ளை மா வரவேண்டும் என்றால் எப்படி? பத்து நிமிடம் முன்னதாக வந்து ஒரு சங்கீதத்தை முணுமுணுத்துக்கொண்டிருங்கள். முதல் சிறங்கை சிவப்பாகத்தான் வரும். வரட்டும்.

‘உள்ளத்திலிருந்தே தீய எண்ணங்கள் வெளிவருகின்றன என்று மாற்கு ஏழாம் அதிகாரத்தில் ஆண்டவரே சொல்கிறாரே’ என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பட்டியலை முழுதாக வாசியுங்கள். களவு, கொலை, பேராசை, வஞ்சகம் என்று போகிறது. அவை உட்கார்ந்து கணக்குப் போடுகிற எண்ணங்கள். உங்களுக்கு வருவதோ நீங்களே வெறுக்கிற எண்ணம். இரண்டும் ஒன்றல்ல.

வேலி விஷயத்தில்தான் உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ளப் போகிறேன். காசியன் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். பெரும் சொத்துகளையும் பொன்னையும் வெள்ளியையும் உதறிவிட்டுப் பாலைவனம் வந்த சிலர், பிறகு ஒரு கத்திக்காகவும் ஊசிக்காகவும் எழுதுகோலுக்காகவும் முகம் சிவந்தார்களாம். வன்னியில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. வீடு, உழவு இயந்திரம், நகை என்று எல்லாவற்றையும் 2009 இல் போரின் முடிவில் வழிநெடுக விட்டுவிட்டு உடுத்த உடுப்போடு வந்தவர்கள் நாம். அன்று ஒரு கோப்பைக் கஞ்சியை ஐந்து பேர் பகிர்ந்தோம். இன்று மச்சாள் வேலிக்கு நடுகிற கதியால் தடியை அரை அடி தள்ளி நட்டதற்குப் பேச்சு இல்லை. உங்கள் இருதயத்தின் அழுக்கை எழுந்தேற்ற நேரத்தில் தேட வேண்டாம். அது வேலியடியில் பூவரசாகத் துளிர்த்து நிற்கிறது. அந்தக் கதியாலுக்கு நேரே போய் நின்று, ‘மச்சாள், சாப்பிட்டீர்களா?’ என்று கேளுங்கள். அரை அடியைப் பிறகு பார்க்கலாம்.

இரவில் எழுந்து உட்கார்வது வேறு விஷயம். புனித இஞ்ஞாசியார் 1522 இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இருந்தபோது இப்படித்தான் அவதிப்பட்டார். சொன்ன பாவத்தையே திரும்பத் திரும்பச் சொல்லி, இன்னும் ஏதோ விடுபட்டதென்று தவித்தார். கடைசியில் பழையதைக் கிளறுவதையே விட்டார். ஒரே குருவிடம் போங்கள், அவர் ‘போதும்’ என்றால் போதும்தான். தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரையும் பாருங்கள். காய்ச்சலுக்கு மருந்தெடுப்பதை யாரும் விசுவாசக் குறைவு என்று சொல்வதில்லை.

கேள்வி: ரீச்சர், நான் எங்கள் கோயில் மூப்பர்களில் ஒருவன். பெருநாள் வேலை எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்கிறேன். ஆனால் நாலு பேர் புகழ வேண்டும் என்ற ஆசைதான் உள்ளே இருக்கிறது. இப்படிக் கலப்படமான மனதோடு செய்வதைவிட விலகிவிடுவது நல்லதா?
ஒரு மூப்பர், மாங்குளம்

பதில்: தம்பி, விலகினால் ‘எவ்வளவு தாழ்மையான மனிதர்’ என்று புகழ்வார்கள். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

என் வெட்கத்தை எழுதுகிறேன். சில வருடங்களுக்கு முன் காலபோக அறுவடை முடிந்ததும் ஒரு மூடை புதுநெல்லைக் கோயிலுக்குக் கொடுத்தேன். ஆண்டவர் தந்ததை ஆண்டவருக்கே கொடுக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பூசை முடிவில் காணிக்கை கொடுத்தவர்களின் பெயர்களை வாசித்தார்கள். இருபது பெயர், என் பெயர் இல்லை. அரை மூடை கொடுத்தவரின் பெயர் இரண்டு தடவை வந்தது. காது சூடாகிவிட்டது. அடுத்த மூன்று ஞாயிறும் அயலூர்க் கோயிலுக்கு பஸ் ஏறிப் போனேன். முழங்கால் வலிக்கிறது, அங்கே படி குறைவு என்று வீட்டில் காரணம் சொன்னேன். அந்தக் கோயிலில் எங்கள் கோயிலைவிட நாலு படி அதிகம்.

மூன்றாவது ஞாயிறு அந்தப் படியில் நின்று மூச்சு வாங்கும்போதுதான் எனக்கே சிரிப்பு வந்தது. நெல் உண்மையிலேயே ஆண்டவருக்கென்றால், அவர் கையில் அது சேர்ந்துவிட்டது. பெயருக்கென்றால், நான் போட்டது காணிக்கை அல்ல, விளம்பரம். இரண்டும் கலந்திருந்ததை நான் அதுவரை அறியவே இல்லை. பெயரை வாசித்திருந்தால் இன்றும் அறிந்திருக்க மாட்டேன்.

ஆகவே வேலையை விடாதீர்கள். கதிரோடு வைக்கோலும் சேர்ந்துதான் சூடடிக்கக் களத்துக்கு வரும். பெருநாளில் யாருக்கும் தெரியாத ஒரு வேலையை மட்டும் உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள். கழிவறைக்குத் தண்ணீர் நிரப்புவது நல்ல வேலை. அதை யாரும் மேடையில் அறிவிப்பதில்லை.

கேள்வி: இரவில் கைத்தொலைபேசியில் பார்க்கக் கூடாததைப் பார்க்கிறேன். பிறகு அழுது மன்றாடுகிறேன். அடுத்த இரவும் அதேதான். எனக்கு 23 வயது.
பெயர் வேண்டாம், கிளிநொச்சி

பதில்: மகன், துணிந்து எழுதியதற்கு நன்றி. ‘எனக்குக் கற்பைத் தாரும், ஆனால் இப்போதே வேண்டாம்’ என்று இளவயதில் செபித்ததாகப் புனித அகுஸ்தீனாரே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆகவே நீ தனி ஆள் இல்லை. ஆனால் அந்தச் செபத்தில் உள்ள கள்ளத்தைப் பார்: ஒரு கையால் கேட்டு மறு கையால் தள்ளுகிறது. தொலைபேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு மன்றாடுவதும் அதுதான். ‘என் கண்களோடு உடன்படிக்கை செய்தேன்’ என்கிறார் யோபு. கண்களோடு மட்டும், உலகத்தோடு அல்ல. தொலைபேசியைச் சார்ஜ் போடுகிற இடத்தை இன்று குசினிக்கு மாற்று, அம்மா படுக்கிற பக்கமாக. அலாரத்துக்கு ஒரு மணிக்கூடு வாங்கிக்கொள். அழுகையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். மூன்று மாதம் கழித்து எனக்கு எழுது.

கேள்வி: ரீச்சர், 2009 மே மாதம் வட்டுவாகலில் என் மகனை இராணுவத்திடம் கையளித்தேன். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயில் முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கியபோது நானும் அங்கே இருந்தேன். அவன் எங்கே என்று இன்றுவரை ஒரு சொல் இல்லை. பூசையில் சமாதானம் தெரிவிக்கும்போது பக்கத்தில் நிற்பவரைக் கும்பிடுகிறேன், உள்ளே சபித்துக்கொண்டு நிற்கிறேன். இந்த உள்ளத்தோடு நற்கருணை வாங்கலாமா?
ஒரு தாய், முல்லைத்தீவு

பதில்: அக்கா, உங்கள் கடிதம் ஒரு கிழமையாக என் செபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

சபிக்கிறேன் என்கிறீர்கள். திருப்பாடல் 109 ஐத் திறந்து பாருங்கள், நீங்கள் சபிப்பதைவிடக் கடுமையாக இருக்கும். குருக்களும் துறவிகளும் நாள்தோறும் செபிக்கும் திருப்புகழ்மாலையின் 1971 இல் வெளிவந்த திருத்திய பதிப்பில் 58, 83, 109 மூன்றையும் சேர்க்காமல் விட்டார்கள். கேட்பதற்குக் கடினம் என்று விட்டார்கள். விவிலியத்திலிருந்து அவற்றை எவரும் கிழிக்கவில்லை. 139 ஆம் திருப்பாடலில் ஒருவர் தன் எதிரிகளை அடியோடு வெறுப்பதாகச் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே ‘இறைவா, என் உள்ளத்தை அறிந்துகொள்ளும்’ என்கிறார். வெறுப்பைத் துடைத்துவிட்டு வந்து அவர் அதைக் கேட்கவில்லை. இருந்தபடியே திறந்து காட்டுகிறார்.

‘காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் நல்லுறவு ஏற்படுத்திக்கொள்’ என்ற வசனத்தை உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. மத்தேயு 5:23 ஐ மெதுவாக வாசியுங்கள். உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்றுதான் இருக்கிறது. உங்கள்மேல் யாருக்கு மனத்தாங்கல்? எழுந்து போக வேண்டியவர் நீங்கள் அல்ல. மாற்கு 11:25 இல் மறுபக்கமும் இருக்கிறது, யார் மேலாவது உங்களுக்குக் குறையிருந்தால் மன்னியுங்கள் என்று. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் யாரை என்று முதலில் தெரிய வேண்டுமே? பெயர் இல்லை, முகம் இல்லை, ‘ஆம், நடந்தது’ என்ற ஒரு சொல்லும் இல்லை. எல்லாவற்றையும் இருட்டில் வைத்துக்கொண்டு ஒரு தாயிடம் மன்னிப்பை மட்டும் கேட்பவர்களோடு எனக்குப் பொறுமை இல்லை. ஆண்டவர் என்னை இதற்காகக் கண்டித்தால் வாங்கிக்கொள்கிறேன்.

முதல் பதிலில் கலப்பில்லாத உள்ளம் என்று எழுதினேன். உங்கள் கடிதத்தை அந்தக் கண்ணோடு மறுபடி வாசித்தேன். அவன் எங்கே என்று தெரிய வேண்டும் என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். யாருக்கும் கெடுதி நடக்க வேண்டும் என்று ஓரிடத்திலும் இல்லை. நீங்கள் சபிப்பு என்று சொல்வதும், எனக்கு என்னவோ, அந்த ஒரே கேள்வி களைத்துப்போய்க் கத்துவதாகவே கேட்கிறது. என்னால் அதில் பதரைக் காண முடியவில்லை.

நற்கருணை வாங்குங்கள். மனம் ஒப்பாவிட்டால் உங்கள் சுவாமியாரிடம் இந்தக் கடிதத்தையே காட்டுங்கள், அவர் சொல் என் சொல்லைவிடப் பெரிது. சமாதானம் தெரிவிக்கும்போது கும்பிட முடியாத நாளில் கையைக் கீழே விட்டுக்கொண்டு நில்லுங்கள்.

மகனின் பெயரை எழுதியிருந்தீர்கள். அதை இங்கே போடவில்லை. போன ஞாயிறு எங்கள் கோயிலில் வாசிக்கக் கொடுத்தேன். உயிரோடு இருப்பவர்களுக்கான செபக் கருத்திலா, இறந்தவர்களுக்கான செபக் கருத்திலா என்று மூப்பர் கேட்டார். பெயரை மட்டும் வாசியுங்கள் என்றேன்.