அலங்காரப் புகையிலைக் கலப்பில் வெள்ளைப்பூ ஏன் வரவில்லை?

உங்கள் கலப்பில் வெள்ளைப்பூச் செடி தாய்; சிவப்பு, வெள்ளை இரண்டுக்கும் மரபணு உள்ள கலப்புச் சிவப்புச் செடி தந்தை. பாதிக்குப் பாதி வர வேண்டிய இடத்தில் ஓரிரண்டு தவிர எல்லாமே சிவப்பு என்றால், தந்தையின் மகரந்தத்தில் பாதி சூல் வரை போய்ச் சேரவே இல்லை என்று நினைக்கிறேன். மெண்டல் கணக்கில் தப்பில்லை.

இந்தச் செடி தன் மகரந்தத்தை ஏற்காது. தீர்மானிப்பது எஸ் என்ற மரபணு இடம். அதற்கு எஸ்1, எஸ்2, எஸ்3 என்று பல வடிவங்கள் உண்டு; தாயிடம் இருக்கும் அதே வடிவத்தோடு வரும் மகரந்தத்தைத் தாய் தடுத்துவிடும். தாய் எஸ்1 எஸ்2, தந்தை எஸ்1 எஸ்3 என்று வையுங்கள். எஸ்1 மகரந்தம் முளைக்கும், குழாயும் விடும், ஆனால் சூல்தண்டின் நடுவழியிலேயே நின்றுவிடும். தந்தையிடம் வெள்ளைக்கான மரபணு எஸ்1 பக்கத்தில் ஒட்டியிருந்தால் அதுவும் அங்கேயே போச்சு. ஓரிரண்டு வெள்ளை, குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும்போது எஸ்1-ஐ விட்டுப் பிரிந்து தப்பி வந்தவை. நிக்கோட்டியானா என்ற புகையிலைப் பேரினத்தில் பூநிறமும் எஸ்ஸும் இப்படி ஒட்டியிருப்பதை மரபியலாளர்கள் பிரீகரும் மேங்கல்ஸ்டார்ஃபும் 1926இலேயே காட்டிவிட்டார்கள். அருமையான வேலை அது.

சோதிக்க, கலப்பைத் திருப்பிப் போடுங்கள்: சிவப்பைத் தாயாக்கி, வெள்ளையின் மகரந்தத்தைத் தடவுங்கள். சூல்களுக்கு இந்த வடிகட்டல் கிடையாது, அதனால் பாதிக்குப் பாதி வர வேண்டும். விரிந்த பூவிலேயே செய்யுங்கள். இளமொட்டில் தடவினால் தடை சரியாக வேலை செய்யாது.

பத்து நாற்றை வைத்து முடிவு கட்டாதீர்கள், நூறாவது எண்ணுங்கள். அப்புறமும் சிவப்பே மிகுந்தால் காரணம் வேறு. வெள்ளை நாற்றுகள் முளைப்பிலேயே சாகின்றனவா என்று பாருங்கள்.