ஆற்றல் பாடமும் செய்முறையும்: கேட்டவர்களுக்குப் பதில்

நடுநிலை வகுப்புகளுக்கு இயற்பியல் சொல்லித்தருவது என் வேலை. ஆற்றல் பாடத்தை வீட்டிலோ வகுப்பிலோ செய்முறையோடு நடத்த நினைப்பவர்கள் கேட்டவற்றை எடுத்துக்கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே நீளத்தில் பதில் வராது. தொடங்கும் முன் ஒன்று: சுவர் பிளக்கில் வரும் மின்சாரத்தை எந்தச் சோதனைக்கும் தொடாதீர்கள். சாதாரணப் பேட்டரி போதும்.

கேள்வி: மகளுக்கு 12 வயது. இயக்க ஆற்றல், நிலை ஆற்றல், வெப்ப ஆற்றல் என்று வகைகளை மனப்பாடமாகச் சொல்கிறாள். ஆனால் ஒன்றும் புரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது? (ஒரு தாய்)

பதில்: வகைகளைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். ஒரு பந்தும் ஒரு மீட்டர் ஸ்கேலும் எடுங்கள். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து பந்தை விட்டால் எவ்வளவு எழும்பும் என்று அவளே ஓர் எண்ணைத் தாளில் எழுதட்டும். அப்புறம்தான் பந்தை விட வேண்டும். எழுதாமல் விட்டால், என்ன விடை வந்தாலும் "நானும் அதைத்தான் நினைத்தேன்" என்று சொல்லிவிடுவாள். நினைத்ததும் நடந்ததும் மோதினால்தான் யோசனை பிறக்கும்.

டென்னிஸ் பந்து என்றால் சுமார் 55 செ.மீ. எழும்பும். போட்டிப் பந்துக்கு இதற்கென்று விதியே இருக்கிறது: 254 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழ வேண்டும். அடுத்த துள்ளலில் 30 செ.மீ., அதற்கடுத்து 17 செ.மீ. இந்த எண்களை முன்னால் வைத்துக்கொண்டு கேளுங்கள்: முதல் துள்ளலில் குறைந்த 45 செ.மீ.க்கான ஆற்றல் எங்கே போனது? "தீர்ந்துபோச்சு" என்பாள். உடனே திருத்தாதீர்கள். பாடமே அந்தப் பதிலிலிருந்துதான் தொடங்குகிறது.

கொஞ்சம் சத்தமாகப் போனது. பெரும்பகுதி பந்தையும் தரையையும் சூடாக்கியது. ஆனால் தொட்டுப் பார்த்தால் தெரியாது. 58 கிராம் பந்து ஒரு மீட்டர் விழும்போது கிடைப்பதே 0.57 ஜூல்தான் (ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு). அதில் குறைவது கால் ஜூல். அது பந்தின் வெப்பநிலையை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் சில பங்குதான் உயர்த்தும். "சூடாச்சு என்கிறீர்கள், எங்கே காட்டுங்கள்" என்று பிள்ளை கேட்டால் அது நியாயமான கேள்வி.

காட்டுவதற்கு மணல் இருக்கிறது. மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாக்கள் இரண்டில் கால் பங்கு காய்ந்த மணல் போட்டு, அறையிலேயே ஒரு மணி நேரம் வையுங்கள். இரண்டின் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு, தடித்த துண்டால் சுற்றுங்கள். ஒன்றை ஐந்து நிமிடம் பலமாகக் குலுக்க வேண்டும். மற்றதை அதே நேரம் சும்மா பிடித்திருக்க வேண்டும். பிறகு தெர்மாமீட்டரை மணலுக்குள் செருகி, எண் நிலைக்கும் வரை காத்திருங்கள். குலுக்கிய மணல் கூடுதலாகச் சூடேறியிருக்கும். ஒன்றிரண்டு டிகிரி ஏறினாலே நல்ல விளைவு. பத்தில் ஒரு டிகிரி காட்டும் தெர்மாமீட்டராக இருந்தால் ஏற்றம் தெளிவாகத் தெரியும்.

சும்மா பிடித்த டப்பா எதற்கு என்று நீங்கள் சொல்லாதீர்கள். "கைச்சூடுதான் மணலுக்குள் போயிருக்கும்" என்று பிள்ளையே சந்தேகப்படும் நேரம் வரும். அப்போது அந்த டப்பாவைக் கையில் கொடுங்கள்.

இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூல் 1840களில் செய்ததும் இந்த வகைதான். எடைகள் கீழே இறங்க, அவற்றோடு கயிற்றால் பிணைத்த துடுப்புச் சக்கரம் நீரைக் கலக்கும், நீர் சூடேறும். ஒரு கிலோ நீர் ஒரு டிகிரி சூடேற வேண்டுமென்றால் ஒரு கிலோ எடை சுமார் 427 மீட்டர் இறங்க வேண்டும். அவ்வளவு நுணுக்கமான ஏற்றத்தை அந்தக் காலத்துத் தெர்மாமீட்டரால் அளந்திருக்கிறார். இதைச் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கேள்வி: எலுமிச்சையில் செம்பும் துத்தநாகமும் செருகி டார்ச் பல்பை இணைத்தோம். எரியவில்லை. பழம் சரியில்லையா? (எட்டாம் வகுப்பு மாணவன்)

பதில்: பழத்தில் குறையில்லை தம்பி. ஒரு பழம் சுமார் 0.9 வோல்ட் தரும், ஆனால் மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியர் கிடைத்தாலே பெரிது. இழை உள்ள டார்ச் பல்புக்கு அதைப்போல நூறு மடங்குக்கு மேல் வேண்டும். நான்கு பழங்களைத் தொடராக (ஒன்றின் செம்பு அடுத்ததன் துத்தநாகத்தோடு) இணைத்து, சிவப்பு எல்இடி போட்டுப் பார். அதன் நீளமான கால் செம்பு முனைக்குப் போக வேண்டும். வெளிச்சம் மங்கலாகத்தான் இருக்கும், இருட்டில் பார். ஆற்றல் பழத்திலிருந்து வரவில்லை என்பதையும் குறித்துக்கொள். துத்தநாகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறதே, அந்த வேதிவினையிலிருந்துதான் வருகிறது. சோதனை முடிந்ததும் பழத்தைத் தின்னாதே, உலோகம் கரைந்திருக்கும்.

கேள்வி: உருளைக்கிழங்கு பேட்டரியில் பல்பு எரியவில்லை, ஏன்? (ஒரு தந்தை)

பதில்: அதே காரணம். மேலே பாருங்கள்.

கேள்வி: படிக்கட்டு ஏறி ஆற்றலைக் கணக்கிடச் சொல்லலாமா? (பயிற்சி ஆசிரியை)

பதில்: கட்டாயம் செய்யுங்கள். 40 கிலோ எடையுள்ள பிள்ளை 3 மீட்டர் ஏறினால் 40 × 9.8 × 3 = 1176 ஜூல் (9.8 என்பது புவியீர்ப்பு முடுக்கம்). ஆறு வினாடியில் ஏறினால் வினாடிக்கு 196 ஜூல், அதாவது 196 வாட். நடந்து ஏறினாலும் ஓடி ஏறினாலும் ஜூல் அதேதான், வாட்தான் மாறும். ஆற்றலுக்கும் திறனுக்கும் உள்ள வேறுபாடு பிள்ளைகளுக்கு மூச்சிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து 1176 ஜூலை உணவுக் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒரு கிலோ கலோரி 4184 ஜூல் என்பதால் 0.28 தான் வரும். தசைகள் உணவிலிருந்து எடுக்கும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் வேலையாகிறது, மீதி உடல் சூடு. அப்படியிருந்தும் ஒரு மாடி ஏற ஒரு கிலோ கலோரி அளவுதான் செலவு.

கேள்வி: மோட்டாரால் டைனமோவைச் சுற்றி, அந்த டைனமோவின் மின்சாரத்தையே மோட்டாருக்குக் கொடுத்தால் நிற்காமல் ஓடுமே? என் மகன் கண்காட்சிக்கு இதைச் செய்ய விரும்புகிறான். (ஒரு தந்தை)

பதில்: ஓடாது. கையை எடுத்ததும் நின்றுவிடும்.

அவரே மீண்டும்: உராய்வுதானே தடை? நல்ல பேரிங் போட்டு உராய்வை நீக்கினால்?

பதில்: உராய்வு மட்டுமல்ல, கம்பிச்சுருளின் மின்தடையும் ஆற்றலை வெப்பமாக்கும். சரி, எல்லா இழப்பையும் நீக்கியதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அதிலிருந்து ஒரு சின்ன எல்இடியை எரிக்க ஆற்றலை எடுத்த கணமே வேகம் குறையத் தொடங்கும். "நிற்காமல் ஓடுவது" வேறு, "இலவசமாகத் தருவது" வேறு. இப்படிப்பட்ட இயந்திரங்களைக் காட்டும் காணொளிகள் இரண்டையும் குழப்புகின்றன.

இன்னொருவர்: விஞ்ஞானிகள் முடியாது என்று சொன்ன எத்தனையோ பிறகு நடந்திருக்கின்றன. நீங்கள் கதவை மூடுகிறீர்கள்.

பதில்: இல்லை. யாரோ அதிகாரத்தில் இருப்பவர் தடுத்ததால் நிற்கும் விதி இல்லை இது. பல நூற்றாண்டுகளாகத் திறமையானவர்கள் இத்தகைய சக்கரங்களைச் செய்து பார்த்தார்கள், ஒன்றும் ஓடவில்லை. பாரிஸ் அறிவியல் கழகம் 1775இல், இனி நிற்காத இயந்திரத் திட்டங்களைப் பரிசீலிப்பதில்லை என்று முடிவெடுத்தது. 1918இல் எம்மி நோதர் என்ற கணித மேதை இன்னும் ஆழமான காரணத்தைக் காட்டினார்: இயற்கை விதிகள் நேற்றும் இன்றும் நாளையும் மாறாமல் இருக்கின்றன என்றால், அதிலிருந்தே ஆற்றல் மாறாக் கோட்பாடு (மொத்த ஆற்றல் கூடவும் கூடாது, குறையவும் குறையாது என்பது) கணிதமாகப் பிறக்கிறது.

ஓர் ஆசிரியர்: கோட்பாடு சரி ஐயா. ஆனால் "ஓடாது" என்று ஒரே வார்த்தையில் சொன்னால் அந்தப் பையனின் ஆர்வம் போய்விடாதா?

பதில்: நீங்கள் சொல்வது முக்கியமான விஷயம். தந்தைக்குத்தான் அப்படிப் பதில் சொன்னேன். பையனிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். அவன் செய்து பார்க்கட்டும், ஆனால் அளந்து பார்க்கட்டும்.

சின்ன மோட்டாரின் அச்சில் நூல் கட்டி, நூல் நுனியில் எடையைத் தொங்கவிட்டுத் தூக்கவையுங்கள். மோட்டார் ஓடும்போது மல்டிமீட்டரில் வோல்ட்டையும் ஆம்பியரையும் படிக்க வேண்டும். 3 வோல்ட், 0.3 ஆம்பியர், 4 வினாடி என்று வந்தால் பேட்டரி கொடுத்தது 3.6 ஜூல். அதில் 100 கிராம் எடை 80 செ.மீ. ஏறியிருந்தால் கிடைத்தது 0.78 ஜூல். ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். மீதி எங்கே? மோட்டாரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அப்புறம் அந்த எடை இறங்கி மோட்டாரைச் சுற்றட்டும், அதே மோட்டார் இப்போது டைனமோ. எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். சில மோட்டார்களில் உராய்வை மீறி எடை இறங்கவே இறங்காது, அதுவும் ஒரு விடைதான்.

கண்காட்சிக்கு இந்த எண்களோடு போகட்டும். "நிற்காத இயந்திரம்" என்ற பலகையை விட, "3.6 ஜூலில் 2.8 ஜூல் எங்கே போனது?" என்ற பலகைக்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

முதல் தந்தை: காந்தம் வைத்துச் சுற்றினால்?

பதில்: அதே விடை. காந்தம் இழுக்கும்போது கொடுப்பதை, விலகும்போது திருப்பி வாங்கிக்கொள்ளும். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பலமான சின்ன காந்தங்களும் பட்டன் பேட்டரிகளும் தரையில் கிடக்கவே கூடாது. விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, உடனே மருத்துவமனைதான். சோதனை முடிந்ததும் எண்ணி எடுத்து வையுங்கள்.

கேள்வி: இலைகள் சூரிய ஆற்றலைச் சேமிப்பதைச் செய்முறையில் எப்படிக் காட்டுவது? (ஒரு தாய்)

பதில்: இதை உயிரியல் ஆசிரியரிடம் கேளுங்கள். அவர் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

கேள்வி: உலோகம் மரத்தைவிடக் குளிர்ச்சியானது என்கிறான் மகன். எப்படித் திருத்துவது? (ஒரு தாய்)

பதில்: ஒரே அறையில் கிடந்த உலோகத் தட்டும் மரப்பலகையும் எடுங்கள். தெர்மாமீட்டர் இரண்டிலும் ஒரே வெப்பநிலை காட்டும். இரண்டின் மேலும் ஒரே அளவு ஐஸ் கட்டி வையுங்கள். "குளிர்ந்த" உலோகத்தின் மேல் இருப்பது முதலில் உருகும். எது முதலில் உருகும் என்று முன்னதாக எழுதச் சொல்ல மறக்காதீர்கள். பெரும்பாலும் மரம் என்றுதான் எழுதுவார்கள். உலோகம் வெப்பத்தை வேகமாகக் கடத்துகிறது, அதனால் நம் விரலிலிருந்தும் வேகமாக எடுக்கிறது.

கேள்வி: எலுமிச்சை பேட்டரியில் வயர் மாற்றியும் பல்பு எரியவில்லை. (பெயர் குறிப்பிடாதவர்)

பதில்: மூன்றாம் முறை: எல்இடி, நான்கு பழம், தொடர் இணைப்பு.

கேள்வி: பேட்டரிக்குப் பதில் போன் சார்ஜரை வெட்டி அதன் வயரைப் பயன்படுத்தலாமா? (பத்தாம் வகுப்பு மாணவி)

பதில்: வேண்டாம் அம்மா. சார்ஜரின் மறுமுனை சுவர் பிளக்கில்தான் இருக்கிறது. வெட்டிய வயர் ஒன்றோடொன்று உரசலாம், தரம் குறைந்த சார்ஜருக்குள் பழுது வந்தால் பிளக்கின் மின்சாரமே உன் கைக்கு வரலாம். சாதாரண 1.5 வோல்ட் பேட்டரி இரண்டை ஹோல்டரில் போட்டுச் செய். போனிலிருந்து கழற்றிய லித்தியம் பேட்டரியும் வேண்டாம், முனைகள் இணைந்தால் தீப்பிடிக்கும்.